பஞ்சறைக்குள் கேட்டது

பாளையம்பட்டி நிறுத்தத்தில் டவுன் பஸ் அவர்களை இறக்கிவிட்டபோது வெயில் உச்சியிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. அப்துல் பாரி முன்னால் நடந்தான். துபாயிலிருந்து அவன் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை ஏற்றிய மாட்டுவண்டி பின்னால் வந்தது. அவன் மனைவி அப்ரோஸ் பேகம், மகள் யாஸ்மினைக் கையில் பிடித்தபடி வண்டியை ஒட்டி வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருந்தன. பேசினால் பக்கத்தில் வருகிறவருக்குக் கேட்காது.

யாஸ்மினுக்கு மட்டும் அந்த இரைச்சலால் ஒரு சங்கடமும் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்குக் காது இரண்டும் போய்விட்டன. இப்போது ஆறு வயது. இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

திருச்சுழியில் இருந்த வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்ததே அவளுக்காகத்தான். மதுரையில் காது ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது போக வேண்டியிருந்தது. இங்கிருந்து பஸ் வசதி. அதோடு, பருத்தியில் கொட்டை பிரிக்கும் வேலை நின்றுபோன ஒரு ஜின்னிங் மில்லுக்குப் பின்னால் இந்த வீடு மலிவாகவும் கிடைத்தது. தொண்ணூற்று நான்காம் வருடத்துச் சித்திரை மாதம் அது.

வீட்டுக்காரர் சங்கரலிங்கம் வாசலிலேயே நின்று சாவிக்கொத்தைக் கொடுத்தார்.

"பின்னால ஒரு ரூமு இருக்கு. மில்லு ஓடுன காலத்துல பஞ்சு போட்டு வச்சது. ஜன்னல் கெடையாது. வேணும்னா சாமான் போட்டுக்கங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார்.

அப்துல் பாரி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தான். தறிகளின் இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது. அப்ரோஸுக்குக் காதுகளை யாரோ இரண்டு கையாலும் பொத்தியது போலிருந்தது. சுவர்களில் பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாடை ஊறியிருந்தது. வெளியே அனல் பறந்தது. அந்த அறையோ ஈரத்துணி மாதிரிச் சில்லிட்டுக் கிடந்தது.

"இந்த ரூமு ஒண்ணு போதும் அப்ரோஸு" என்றான் அவன்.

துபாயில் அவன் வேலை பார்த்தது பாட்டுக் கருவிகள் விற்கும் பெரிய கடை. முதலாளி கடையை மூடிக்கொண்டு போகும்போது, காட்சிக்கு வைத்திருந்த சாமான்களில் சிலவற்றை இவனுக்குக் கொடுத்திருந்தார். மறுநாளே மேஜை போட்டு அவற்றை அடுக்கினான். மேலே சிடி பிளேயர், அதற்குக் கீழே கறுப்பாக இரண்டு பெட்டிகள். ஒன்றின் முன்பக்கம் ஒரு சின்னப் பச்சை விளக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னொன்றில் வழவழவென்று ஒரு திருகும், ஹெட்போன் சொருகும் ஓட்டையும் இருந்தன.

"சிடியில இருக்கது பாட்டு இல்ல, வெறும் நம்பரு. இந்தக் கன்வர்ட்டருதான் அதச் சத்தமா மாத்தும். அதுக்கடுத்தது ஆம்ப்ளிபயரு. அதுல இருந்து ஹெட்போனுக்கு வருது. பாடுறவன் எச்சி முழுங்குறதுகூடக் கேக்கும்" என்று மனைவிக்கு விளக்கினான்.

முதல் வாரம் அவன் அந்த அறையை விட்டு வெளியே வந்தது சாப்பிடவும் தொழவும்தான். இரண்டாவது வாரத்தில் முகம் மாறியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏதோ சத்தம் வருகிறது என்றான். எர்த் சரியில்லை என்று தரையில் கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றினான். ஒயர்களை மாற்றினான்.

"என்ன மாதிரிச் சத்தங்க?" என்று கேட்டாள் அப்ரோஸ்.

"மூச்சு மாதிரி."

ஒரு நாள் முற்பகல் அவன் அடுப்படிக்கு வந்து நின்றான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

"இப்ப நீ எம் பின்னால வந்து நின்னியா?"

"இல்லையே. நான் உலை வச்சிக்கிட்டிருக்கேன்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த அறையில் உட்காரும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

யாஸ்மின் அந்த ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டியது அந்த நாட்களில்தான். அவள் விளையாட்டுக்கு மாட்டிக்கொண்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிறகு அவள் சட்டென்று இடது பக்கம் திரும்பினாள், யாரோ கூப்பிட்டது போல. திரும்பியவள் சிரித்தாள்.

அப்துல் பாரி ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து கை தட்டினான். அசைவில்லை. மாட்டிவிட்டான். பிள்ளை மறுபடியும் தலையைச் சாய்த்து எதையோ உன்னிப்பாகக் கேட்டது. அவன் அழுதுவிட்டான். மதுரை டாக்டர், காது நரம்பு செத்துப்போச்சு, எந்த மிஷினாலும் பயனில்லை என்று சொல்லியிருந்தார். இங்கே பிள்ளைக்குக் கேட்கிறது.

அன்று சாயங்காலமே அவள் வாய் திறந்தாள். உடைந்து கரகரத்த குரலில் ஒரு சொல்.

"ஆத்தா."

"கேட்டியா? என்னத்தான் கூப்பிடுறா. அத்தாங்கிறா!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினான் அப்துல் பாரி. அவர்கள் வீட்டில் தகப்பனை அழைப்பது அத்தா என்றுதான். ஆனால் அப்ரோஸுக்குக் காதில் விழுந்தது நீட்டிச் சொன்ன சொல். தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் தாயைக் கூப்பிடுகிற சொல். அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதே கிடையாது.

அவள் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த நாள் அவன் அருப்புக்கோட்டைக் கடைவீதிக்குப் போயிருந்தான். யாஸ்மின் அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். தலையை ஆட்டி ஆட்டி, கதை கேட்கிற பிள்ளை மாதிரி. அப்ரோஸ் பால் டம்ளரோடு குனிந்தபோது ஹெட்போனின் ஒயரைப் பார்த்தாள்.

அதன் முனை எதிலும் சொருகப்படவில்லை. தரையில் கிடந்தது.

யாஸ்மின் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"மூச்சு முட்டுது" என்றாள்.

பால் டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அந்த அறையில் அதன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்ரோஸ் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே சவுந்தரம் இருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவே அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். அப்ரோஸ் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அவள் மடியிலிருந்த பைபிளை மூடி வைத்தாள்.

"வந்த அன்னிக்கே சொல்லிருக்கணும். புள்ளைய வச்சிருக்க, பயமுறுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். மில்லுல பஞ்சு பொறுக்க வருவா ஒருத்தி. அவ மக சீனித்தாயி. உம் மக பருவந்தான் இருக்கும். அந்த ரூமுல அப்பக் கூரை முட்டப் பஞ்சு கெடக்கும். அதும் மேல ஏறி வெளையாடிட்டுத் தூங்கிருக்கு. அப்படியே உள்ள அமுங்கிருச்சு. சாயங்காலம் ரூமப் பூட்டிட்டாக. ஊரே கெணறு, கம்மா, பஸ் ஸ்டாண்டுன்னு தேடுச்சு. லோடு ஏத்த லாரி வந்த பெறகுதான் கண்டாக."

"கத்தலையா நர்ஸம்மா?"

"கத்தாம இருந்திருக்குமா? பஞ்சுக்குள்ள கத்துனா வெளிய கேக்காது தாயி. பெத்தவ மட்டும், எம்புள்ள கூப்புடுது, எம்புள்ள கூப்புடுதுன்னு அந்தக் கதவுகிட்டயே நின்னா. அவ பேச்ச யாரும் காதுல வாங்கல. பெறகு அவளும் ரொம்ப நாள் இருக்கல."

அன்று மதியம் கணவன் திரும்புவதற்குள் அப்ரோஸ் பிள்ளையை நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டு அந்த அறைக்குத் தனியாகப் போனாள். தெரிந்த குர்ஆன் சூராக்களை எல்லாம் ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டாள். ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

ஒன்றுமே கேட்கவில்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்கவில்லை. எச்சில் விழுங்கினாள். அதுவும் கேட்கவில்லை. காதுக்குள் மெத்தென்று ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு மூச்சு.

பிடரிக்கு மிக அருகில்.

அது மெல்ல நகர்ந்து இடது காதுப் பக்கம் வந்தது.

"ஆத்தா, நான் இங்கனதான் இருக்கேன்."

"நான் உன் ஆத்தா இல்லம்மா" என்று முணுமுணுத்தாள் அப்ரோஸ்.

மூச்சு வலது காதுப் பக்கம் நகர்ந்தது.

"அப்ப உங்க புள்ள எங்கூட இருக்கட்டும்."

அன்று புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்தது போன்ற வாக்குவாதம் அதற்கு முன் நடந்ததில்லை. இன்றைக்கே கிளம்பிவிடலாம் என்றாள் அவள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் புள்ள பேசுது அப்ரோஸு. ஆறு வருசமா நான் அல்லாட்ட கேட்டது அது ஒண்ணுதான். எது பேச வைக்குதுன்னு நான் பாக்க மாட்டேன்."

"அவ பேசலைங்க. அவ வாயில வேற புள்ள பேசுது."

கடைசியில் அவன், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் அசரத்தைக் கூட்டிவந்து ஓதிப் பார்க்கலாம் என்று இறங்கிவந்தான். அதுவரை அறையைப் பூட்டிச் சாவியை அப்ரோஸ் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். அப்ரோஸ் கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் யாஸ்மினைக் காணோம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. பூட்டு திறந்தபடி கொக்கியில் தொங்கியது. சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளே கிடையாது.

தட்டினாள். இரண்டு கையாலும் அறைந்தாள். மரத்தில் கை படுவது வலித்தது. சத்தம் மட்டும் எழவில்லை.

வாசலுக்கு ஓடி அவள் போட்ட கூச்சலில் சவுந்தரமும், எதிர்த் தறிக்கூடத்திலிருந்து வீரணனும் ஓடிவந்தார்கள். வீரணன் மூட்டை தூக்கிப் பழகிய ஆள். தோளைக் கொடுத்து முட்டினான். கதவு விரலளவு உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

"உள்ள என்னக்கா அடுக்கி வச்சிருக்கீக? பஞ்சு மூட்டைய முட்டுறாப்ல அமுங்கி அமுங்கி வருது" என்றான்.

"உள்ள ஒண்ணும் இல்லப்பா. ஒரு மேஜதான் இருக்கு."

பள்ளிவாசலில் அசரத்துக்காகக் காத்திருந்த அப்துல் பாரி, சேதி கேட்டுத் தொப்பியோடு அப்படியே ஓடிவந்தான். இரண்டு ஆண்களும் சேர்ந்து முட்டினார்கள். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். அது அசைந்து கொடுத்தது. திறக்க மட்டும் மறுத்தது. அப்துல் பாரி கதவில் நெற்றியை வைத்து, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். காது கேட்காத பிள்ளை என்பது அவனுக்கு அப்போது மறந்துபோயிருந்தது.

அப்ரோஸ் அவனை விலக்கினாள். கதவு இடுக்கில் வாயை வைத்தாள்.

"சீனித்தாயி" என்றாள். "ஆத்தா வந்திருக்கேன். நீ கூப்புட்டது எனக்குக் கேட்டுருச்சு. கதவ விடு கண்ணு. வா, வீட்டுக்குப் போவோம்."

கதவு தானாக உள்பக்கம் திறந்தது.

அறையில் பஞ்சு ஒரு திரிகூட இல்லை. யாஸ்மின் மேஜைக்குக் கீழே மல்லாந்து கிடந்தாள், காதில் ஹெட்போனோடு. உதடு நீலம் பாரித்திருந்தது. சவுந்தரம் பாய்ந்து போய் அவளைப் புரட்டிப் போட்டு வாய்க்குள் விரலை விட்டாள். அவள் விரலோடு வந்தது பஞ்சு. கொட்டையோடு, பழுப்பேறிய பழைய பஞ்சு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முதுகில் தட்டி, வாயோடு வாய் வைத்து ஊதிய பிறகு, கடைசியில் பிள்ளை இருமியது.

சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்தார்கள். மேஜையில் இருந்ததை அப்துல் பாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் வெளியேறியவன் அவன்தான்.

அருப்புக்கோட்டையில் உறவினர் வீட்டு மாடியில் குடியேறினார்கள். யாஸ்மின் உடம்பு தேறினாள். அதன்பின் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சில சமயம் அப்துல் பாரி அவள் முன்னால் உட்கார்ந்து, "அத்தா சொல்லு, அத்தா" என்று உதட்டைக் காட்டுவான். அவள் அவன் உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பாள். அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அப்ரோஸ் தொழுகையில் இன்னொரு பிள்ளைக்காகவும் கையேந்தினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபின் மதுரைக்கு மறுபடி போனார்கள். ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கும் பெண்ணின் பெயர் ஜெப ஷீலா. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். யாஸ்மினைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வெளியே தன் மிஷின் முன்னால் உட்கார்ந்து, அறைக்குள் நடப்பதைக் கேட்கிற ஹெட்போனைத் தானும் மாட்டிக்கொண்டாள். திருகை ஒருமுறை திருப்பினாள். மறுபடி திருப்பினாள். பிறகு ஒரு காதை மட்டும் கழற்றிக்கொண்டு அப்ரோஸைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமில்லை.

"அந்த இன்னொரு பிள்ளையக் கொஞ்சம் வெளிய கூப்பிட்டுக்கிடுங்கம்மா. அது பேசிக்கிட்டே இருந்தா நான் டெஸ்ட் பண்ண முடியாது."

அப்ரோஸ் கண்ணாடிக்குள் பார்த்தாள். யாஸ்மின் மட்டும்தான் இருந்தாள். நாற்காலியின் ஓரத்துக்கு ஒதுங்கி, பாதி இடத்தை விட்டு உட்கார்ந்திருந்தாள்.