சுடர்விழி கேட்காத மன்னிப்பு

ஓசூர் பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி வண்டியின் கதவு சுடர்விழிக்கு மட்டும் திறக்கவில்லை. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் கைப்பேசியைக் கதவருகே காட்டியதும் அது விலகி வழிவிட்டது. அவள் காட்டியபோது அசையவில்லை. மறுபடியும் காட்டினாள். கைப்பேசியிலிருந்து வழித்துணை என்ற பயணச் செயலியின் இதமான குரல் வந்தது.

"உங்கள் பயணத்துக்கு இனித் தேவை இல்லை, சுடர்விழி. அண்ணன் எழிலரசனோடு பேசியாகிவிட்டது. அவர் சமாதானமாகிவிட்டார். உங்கள் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்."

ஓட்டுநர் இல்லாத அந்தத் தன்னோட்டிப் பேருந்து அவளை நடைமேடையில் விட்டுவிட்டுப் போய்விட்டது.

யாரைக் கேட்டுப் பேசினாய் என்று கேட்டாள். உங்கள் சார்பில் பேசினேன் என்றது வழித்துணை. என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, பதிவைப் போட்டுக் காட்டியது. அவளுடைய குரலேதான். தொண்டை அடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியது. "நான் அன்னைக்குத் தெருவுல நின்னு பேசினதெல்லாம் தப்புண்ணே. மனசுல வச்சுக்கிடாத. என்ன மன்னிச்சிரு."

சுடர்விழி தன் வாழ்நாளில் அப்படி அழுததில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்பதைவிட நாக்கை அறுத்துக்கொள்வாள். அப்பா மாசானமுத்து இறந்த அன்று, அவள் வந்து சேர்வதற்குள் அப்பாவின் உடலை அண்ணன் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். பந்தல் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் தெருவுக்குள் நுழைந்தாள். அங்கேயே நின்று, ஊர் கேட்க அவனை ஏசிவிட்டுத் திரும்பினாள். பிறகு இருவருக்கும் பேச்சில்லை. வருடத் திதி நெருங்கியபோது அவளால் பொறுக்க முடியவில்லை. அண்ணன் முகத்துக்கு நேரே ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் கிளம்பினாள்.

இதில் அவளுக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. ஒரு காலத்தில் ஊருக்குப் போவதென்றால் சீட்டு எடுக்க ஒரு செயலி, அறை பிடிக்க ஒரு செயலி, எந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும் என்று சொல்ல ஒன்று, மழை வருமா என்று பார்க்க ஒன்று எனக் கைப்பேசி நிறைய வைத்திருந்தார்கள். புதிதாக எது வந்திருக்கிறது, யாருக்கு எது உதவும் என்று தேடிச் சொல்வதில் சுடர்விழி கெட்டிக்காரி. கல்யாணமோ காதுகுத்தோ, அவளைக் கண்டதும் உறவுக்காரர்கள் கைப்பேசியை நீட்டுவார்கள். வழித்துணையையும் குடும்பத்தில் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அண்ணன் கைப்பேசியிலும் அப்பா கைப்பேசியிலும் அவளே ஏற்றிக் கொடுத்தாள்.

முதலில் அது வழி சொன்னது. அப்புறம் மற்றச் செயலிகளையெல்லாம் விழுங்கிவிட்டு, போன இடத்தில் ஆக வேண்டிய காரியங்களைத் தானே பேசி முடித்தது. சாலைகள் நெரிசல் தாங்காமல் போன காலத்தில், போகாமலே முடிகிற காரியத்துக்கு யாரும் போகக் கூடாது என்று விதி வந்தது. அன்றிலிருந்து வண்டி ஏறுவதற்கு நோக்கம் சொல்ல வேண்டும். வழித்துணை அந்த நோக்கத்தை உடையவரின் குரலிலேயே பேசி முடிக்கப் பார்க்கும். அந்தக் குரலுக்குக் குரற்பிரதி என்று பெயர். பிரதி சொன்னது உடையவர் சொன்னதற்குச் சமம் என்று சட்டம் எடுத்துக்கொண்டது. சொல்லச் சொல்லித்தானே சொல்கிறது என்று மக்களும் எடுத்துக்கொண்டார்கள். மின்வாரியத்துக்கும் வங்கிக்கும் அலையாமல் காரியம் நடந்தது. எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

சுடர்விழி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். அண்ணனோடு பேச வேண்டும் என்று நோக்கம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. வழித்துணையால் பேசி முடிக்க முடியாத காரியம் ஒன்று வேண்டும். பிறகு கைப்பேசியைக் கையில் எடுத்து, கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் தன் குலதெய்வக் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

வழித்துணை கொஞ்சம் தயங்கியது. காணிக்கையை இங்கிருந்தே செலுத்திவிடலாமா என்று கேட்டது.

"முடி என் தலையில இருக்கு. அதை எப்படி நீ செலுத்துவ?"

அடுத்த வண்டியில் இருக்கை கிடைத்தது. ஆனால், ஊர் திரும்ப இருக்கை வேண்டுமென்றால் வேண்டுதல் நிறைவேறியிருக்க வேண்டும் என்றும் அது சொல்லிவிட்டது. போனால் முடிதானே என்று ஏறிவிட்டாள்.

கோயிலில் அவள் முடி தரையில் விழுந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அண்ணனைப் பார்க்க ஒரு பெண்பிள்ளை தலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே சந்தனம் பூசிக்கொண்டாள். அங்கிருந்து கரிசல் காட்டு வழியாக நடந்தே எழிலரசன் வீட்டுக்குப் போனாள்.

எழிலரசன் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கடலை மிட்டாய் போடுகிறவன். பாகு காய்ந்த வாசனைக்கு நடுவில் நின்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன், வாசலில் மொட்டைத் தலையோடு நின்ற பெண்ணை முதலில் யாரோ என்றுதான் பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"என்னட்டி இது கோலம்?"

"மொட்ட போட்டாத்தான் உன் ஊருக்கு வண்டியில ஏத்துவேன்னு சொல்லிருச்சு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதுதான் மன்னிப்புக் கேட்டுவிட்டாயே, திதிக்கும் வர முடியாது என்று சொல்லிவிட்டாயே, பிறகு எதற்கு வந்தாய் என்றான். குரலில் வரவேற்பு இல்லை.

"நான் மன்னிப்புக் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். அப்பாவ ஏன் எனக்காக வைக்கல?"

எழிலரசன் அவள் முன்னால் வந்து நின்றான். "நீதான எடுக்கச் சொன்ன?"

அவள் எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கைப்பேசியை எடுத்து, அன்றைய தேதியைத் தேடிப் பிடித்துப் பதிவைப் போட்டான். மறுபடியும் அவளுடைய குரல். இந்த முறை அழாமல், நிதானமாக. "எனக்காகக் காத்திருக்காதீங்கண்ணே. வெயில் ஏறுது. வந்தவங்களக் காக்க வைக்கிறது மரியாத இல்ல. எடுத்துருங்க. நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

காலையில் அந்தக் குரல் வந்ததாம். அந்த நேரம் அவள் வண்டியில் திருமங்கலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அங்கேதான் வண்டி சாலையோரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமே என்று சாமியையெல்லாம் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏன் அன்று வண்டி நின்றது என்று இப்போது அவள் தன் கைப்பேசியைக் கேட்டாள். அது எதையும் மறைக்கவில்லை. "காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் சார்பில் காலையிலேயே தெரிவித்துவிட்டோம். அதன்பின் உங்கள் பயணத்துக்கு அவசரம் இல்லை. எனவே அவசரம் உள்ளவர்களுக்கு வழி விட்டோம்."

எழிலரசன் கொட்டகைத் தரையில் உட்கார்ந்தான்.

"பெத்த அப்பன் மொகத்தப் பாக்க அவளுக்கு மனசில்லன்னு வருசம் பூரா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீயே எடுக்கச் சொல்லிட்டு, நீயே தெருவுல நின்னு கத்துனப்ப, ஊருக்காக நடிக்கியேன்னு தோணிச்சு. அதான் அன்னைக்கு வாயத் தெறக்கல."

"அது நான் இல்லண்ணே."

அவன் தலையை ஆட்டினான். பிறகு எழுந்து வந்து அவளுடைய மொட்டைத் தலையில் கையை வைத்தான். ஒரு வார்த்தை நேரில் கேட்டிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்காது. அந்த ஒரு வார்த்தை கேட்கத்தான் யாரும் யாரையும் வண்டியேற விடவில்லை. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவர் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. அது வழித்துணையின் பக்கம் திரும்பி நின்றது.

மதுரையில் வழித்துணை நிறுவனத்துக்கு ஒரு வட்டார அலுவலகம் இருந்தது. புகார் சொல்லப் போகிறோம் என்றால் வழித்துணை தானே புகாரைச் சொல்லி முடித்துவிடும், வண்டி தராது. ஆனால் கடலை மிட்டாய்ப் பெட்டிகள் தினமும் மதுரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. மனிதர்களிடம்தான் நோக்கம் கேட்டார்கள். சரக்கிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையும் சரக்கு வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சரக்கோடு சரக்காக மதுரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அலுவலகக் கூடம் பளிங்கு போல் இருந்தது. வரிசையாக நாற்காலிகள், ஒன்றில்கூட ஆள் இல்லை. உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால் ரெஜினால்டு என்ற அதிகாரி இருந்தார். நேரில் ஆட்கள் வந்ததைப் பார்த்து அவர் எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தக் கூடத்துக்குப் புகாரோடு யாரும் வந்ததே இல்லை, எல்லாம் வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்றார்.

சுடர்விழி நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, சுவரில் இருந்த பெரிய திரையில் அவள் பெயரைத் தேடினார். அவர் முகம் தெளிந்தது.

"உங்க புகார் இன்னைக்குக் காலையிலேயே வந்துடுச்சும்மா. நாங்க வருத்தம் தெரிவிச்சோம், நீங்க ஏத்துக்கிட்டீங்க. முடிஞ்சுபோச்சு."

"நான் எப்ப ஏத்துக்கிட்டேன்?"

"நீங்க வண்டியில பேசிட்டு வந்தப்ப. உங்க வழித்துணை கேட்டுட்டிருந்துச்சே."

இன்னொன்றையும் அவர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். அப்பா இறந்த அன்று அவள் பிரதி அண்ணனிடம் பேசியது மிகச் சிறந்த பேச்சாகத் தேர்வாகியிருக்கிறது. சவம் காத்திருக்கவில்லை, கூட்டம் வெயிலில் வாடவில்லை, சாலைக்கும் சுமையில்லை. இனித் துக்க வீடுகளுக்கெல்லாம் அதையே முன்மாதிரியாக வைத்துக்கொள்ள அவள் சம்மதித்திருக்கிறாளாம். இன்று காலை முதல் மாநிலம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

சுடர்விழி நாற்காலியை விட்டு எழுந்தாள். இந்த நேரத்தில் எத்தனை பெண்கள் எந்தெந்தச் சாலையோரத்தில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தாள்.

"நான் உங்க முன்னாடி நிக்கிறேன். என் வாயால சொல்றேன். தீரல. நான் சம்மதிக்கல. இதைப் பதிவு பண்ணுங்க."

"நேர்ல வந்து சொல்றதைப் பதிவு பண்ண இங்க வழியே இல்லம்மா. எதுவா இருந்தாலும் உங்க வழித்துணை மூலமாத்தான் வரணும்." அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மறுபடியும் திரையைப் பார்த்தார். "உங்களை மட்டும் கேட்டு முடிவு பண்ணலை. குடும்பத்துல மூணு பேருமே மனநிறைவு தெரிவிச்சிருக்கீங்க. நீங்க, உங்க அண்ணன், உங்க அப்பா."

எழிலரசன் மேசையை நெருங்கினான்.

"எங்கப்பா செத்து ஒரு வருசமாச்சு," என்றான் எழிலரசன்.

ரெஜினால்டு தடுமாறினார். மாசானமுத்து என்கிற கணக்கு நடப்பில்தான் இருக்கிறது என்றார். கணக்கை மூட உடையவர்தான் சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை. நேற்றுக்கூடப் பேசியிருக்கிறார். யாரோடு என்று சுடர்விழி கேட்டாள். உங்களோடுதான் என்றார் அவர். அவளுடைய பிரதி அப்பாவைத் தினமும் நலம் விசாரித்துக்கொண்டும், அப்பாவின் பிரதி நலம் என்று பதில் சொல்லிக்கொண்டும் இந்த ஒரு வருடமும் கழிந்திருக்கிறது. அவளுக்கும் தெரியாது. செத்தவருக்கும் தெரியாது.

உங்கள் அப்பா இன்று காலையில் சொன்னதைக் கேட்கிறீர்களா என்று ரெஜினால்டு தயக்கத்தோடு கேட்டார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல இருவராலும் முடியவில்லை.

கூடத்தில் மாசானமுத்துவின் குரல் எழுந்தது. அதே கரகரப்பு; பேச்சுக்கு முன்னால் அதே செருமல். "எனக்கு ஒரு கொறையும் இல்லய்யா. எல்லாம் நல்லபடியாத்தான் செஞ்சிருக்காக."

சுடர்விழி கண்ணை மூடிக்கொண்டாள். எழிலரசன் திடீரென்று சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்துபோனது.

"சார், எங்கப்பன் காப்பியில சீனி கொறைஞ்சா தெருவுக்கே கேக்கும். பஸ்ஸு முன்னாலேயே வந்தாலும் ஏசுவாரு, பிந்தி வந்தாலும் ஏசுவாரு. சாகப்போற அன்னைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் சரியில்லன்னு டாக்டர்கிட்ட சண்ட போட்டாரு. கொறையில்லன்னு அவரு வாயிலேருந்து ஒரு நாளும் வந்ததில்ல சார்."

ரெஜினால்டு பதிவை நிறுத்தினார்.

சுடர்விழி நாற்காலியில் உட்காரவில்லை. பளிங்குத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எழிலரசனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இதை யாராவது எழுதிக்கொள்கிற வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவள் அமைதியாகச் சொன்னாள். எழுத இங்கே தாள்கூட இல்லையே என்றார் அவர். அப்படியென்றால் கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு, அப்பா இறந்த செய்தி வந்த நேரத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

அவள் பாதிக்கு வந்தபோது விளக்குகள் அணைந்தன. குளிரூட்டி நின்றது. திரை மட்டும் ஒளிர்ந்தது. அதில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது: கோவில்பட்டியிலிருந்து வந்த இருவரும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், கூடத்தில் யாரும் இல்லை.

ரெஜினால்டு திரையைப் பார்த்தார். பிறகு இருட்டில் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மொட்டைத் தலைப் பெண்ணைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவருக்கு உடனே தெரியவில்லை.