நன்கறிந்த சாட்சிகள்

செவ்வாய்க் கிரகத்தில் மாநில எல்லையைக் கடக்க எட்டு நிமிடம் போதும். ஊழியர் மார்பு மூடியைத் திறந்து இயந்திர இதயத்தைக் கழற்றுவார், பழைய மாநில முத்திரையைச் சுரண்டிவிட்டுப் புதியதைக் குத்துவார், திரும்ப மாட்டிவிடுவார். அதுவரை இரவல் இதயம் ஒன்று ஓடும். அந்த எட்டு நிமிடத்தில் சண்பகவடிவு ஒரு டீ குடித்து முடித்தாள். தாழ்நாட்டை விட்டு மேட்டுநாட்டுக்கு வைத்தியத்துக்காகக் குடிவந்தவளுக்கு இதயத்தைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் கைப்பையில் இருந்த உயிலைப் பற்றித்தான்.

உயிலில் ஒரே சொத்து, தாழ்நாட்டில் அவளுக்கு இருந்த குமிழ்வீடு. அதை வளர்ப்புமகள் மருதவல்லிக்கு எழுதியிருந்தாள். காற்றுக் கசிவில் பெற்றோரைப் பறிகொடுத்த நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிவந்து இருபத்தாறு வருடம் வளர்த்தவள், தத்துப் பத்திரம் எழுதுவதை மட்டும் நாளை நாளை என்று தள்ளிவிட்டாள். உயில் செல்லாவிட்டால் வீடு அண்ணன் மகன்களுக்குப் போய்விடும். மருதவல்லி வெளியேற வேண்டியதுதான். செவ்வாயில் வீட்டுக்கு வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது.

மறுநாளே பதிவகத்துக்குப் போனாள். கூடவே 'ஏழு' என்ற அவளுடைய பேசும் துணைப்பொறியும் வந்தது. கண்ணில் பட்ட எழுத்தைப் படிக்காமல் இருக்க ஏழுக்குத் தெரியாது.

அலுவலர் உயிலைப் புரட்டினார். "மாநிலம் மாறினா உயில் சாகாதும்மா. உயில் செல்லும். சாட்சிதான் செல்லாது."

"ஏன் தம்பி?"

"ரெண்டு சாட்சியும் பொறிங்க. தாழ்நாட்டுல ஒத்துக்குவாங்க. எங்க சட்டத்துல சாட்சி மனுசனா இருக்கணும். உங்களை நல்லாத் தெரிஞ்ச மனுசனா இருக்கணும்."

"அதுங்களை விட என்னை யாருக்குத் தெரியும்? மூணு தடவை படிச்சு, யாராச்சும் மிரட்டி எழுதச் சொன்னாங்களான்னு நாள் பூராக் குடைஞ்சுதுங்க."

"பொறிக்கு என்னம்மா தெரியும், மனுச உறவைப் பத்தி?" என்றபடி அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "ரெண்டு பேரைக் கூட்டியாங்க. இன்னைக்கே முடிச்சிரலாம்."

புதிய மாநிலத்தில் அவளுக்குத் தெரிந்த மனித முகம் ஒன்றுகூட இல்லை. படிவத்தைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்றவளைப் பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"என்னக்கா, சாட்சியா? குடுங்க இப்படி. மச்சான், நீயும் ஒண்ணு போடு." அவரும் பக்கத்தில் நின்ற மச்சானும் சுவரில் வைத்தே கையெழுத்திட்டார்கள். 'இவரை இருபது ஆண்டுகளாக நன்கு அறிவோம்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே.

"என் பேர்கூடக் கேக்கலியே?"

"அதான் மேலயே இருக்குமே!" என்று மச்சான் சிரித்தார். தொப்பிக்காரர் தன் உயிலை நீட்டினார். "எனக்கும் ஒரு ஆள் குறையுது. மச்சான் போட்டாச்சு. நீங்க ஒண்ணு போட்டா ஆச்சு."

நன்றிக்கடன். அவளும் போட்டாள். அலுவலர் இரண்டு உயில்களிலும் முத்திரை குத்தினார். "பாத்தீங்களா, இதான் சட்டப்படி."

குடிபெயர முடிவெடுத்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. காற்றடைத்த கூடத்துக்குள் இருந்த வண்டி நிறுத்தத்துக்கு வந்ததும் ஏழு கேட்டது. "அம்மா, அவர் உயிலைப் படிச்சீங்களா?"

"ஊரான் உயில் எனக்கெதுக்கு?"

"'தத்துப் பத்திரம் எழுதிப் பத்தொன்பது வருசம் என்னோடு இருந்த வளர்ப்புமகள் பூமயிலுக்கு என் வீட்டில் எந்தப் பாத்தியதையும் இல்லை, நான் இறந்த அன்றே வெளியேற்ற வேண்டியது.' ரெண்டாவது பக்கம்மா, அலுவலர் புரட்டுறப்பப் பார்த்தேன்."

சண்பகவடிவு பதிவகத்தின் பக்கம் திரும்பினாள். "அவரை எனக்குத் தெரியாதுன்னு போய்ச் சொல்லிட்டா?"

"அவர் உயில் செல்லாமப் போயிரும், வீடு பூமயிலுக்கே போகும். அவருக்கும் உங்களைத் தெரியாதுன்னு ஆயிரும். உங்களோடதும் செல்லாது."

பதிவகக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. முப்பது அடி இருக்கும். பூமயிலுக்கு என்ன வயதோ, அதுகூடத் தெரியவில்லை.

"வண்டி வந்திருச்சு. ஏறு," என்றாள் ஏழிடம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து உயிலை மடியில் வைத்துக்கொண்டாள். மார்புக்குள், எல்லையில் முத்திரை குத்திய இதயம் துளியும் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.