ஒரு புருஷன், இரண்டு போன்

போன் அலறியது!

அபிதா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே எடுத்தாள். திரையில் 'ராம்' என்று வந்தது. ராம்பிரசாத்... அவள் புருஷன்.

"அபி! குறுக்கே பேசாம கேளு. உன் உயிருக்கு ஆபத்து!"

காபி தரையில் சிந்தியது.

"என்னங்க... என்னாச்சு?"

"கோர்ட்டுல நீ வாயைத் திறக்குறதுக்குள்ள உன்னைத் தீர்த்துடப் போறாங்க. அந்த மெமரி கார்டு எங்க வெச்சிருக்க? சொல்லு. நான் ஆள் அனுப்பி எடுத்து போலீஸ்ல சேர்த்துடறேன். அது உன்கிட்ட இல்லன்னா உன்னைத் தொட மாட்டாங்க!"

"நீங்க... நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"லீக்டன்ஸ்டைன்லதான். வாடுஸ் ஏர்போர்ட்ல நிக்கிறேன். கிடைக்கிற ஃப்ளைட்ல ஏறி வந்துடறேன். யோசிச்சு வை. கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்!"

கட்.

வெளியே, ஆக்லாந்தின் மாசி என்கிற புறநகரில், விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆகஸ்ட் மாத மழை ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அபிதாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சமையலறைக்கும் ஹாலுக்குமாக அலைந்தாள்.

இன்றைக்குக் காலையில் கோர்ட்.

ஊரின் தெற்குக் கோடியான மனுரேவாவில் அவள் வேலை பார்க்கும் குடோனில் தவராசா என்று ஒரு நல்ல மனுஷன் இருந்தார். சரக்கு கட்டுகிற வேலை. போன வருஷம் ஃபோர்க்லிஃப்டில் அடிபட்டுச் செத்தார். ஓட்டியது மேனேஜர். 'பிரேக் பிடிக்கலை, விபத்து' என்று அவன் சாதித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் திருடிக் கடத்திய சரக்கைத் தவராசா பார்த்துவிட்டார், அதனால்தான் ஏற்றிக் கொன்றான் என்பது அபிதாவுக்குத் தெரியும். சாட்சியும் அவள்தான். ஆனால் வெறும் வாய்ச் சாட்சி!

நேற்று மாலைதான் சாமி கண்ணைத் திறந்தது. கொலை நடந்த அன்று குடோன் முற்றத்தில் நின்ற அவளுடைய பழைய காரின் முன்கண்ணாடிக் கேமராவைக் கழற்றிப் பார்த்தால்... அதற்குள் இருந்த குட்டி மெமரி கார்டில் எல்லாம் பதிவாகி இருந்தது. தவராசா கையெடுத்துக் கும்பிடுவதும், ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போய்த் திரும்ப வருவதும்... பார்த்துவிட்டு அபிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தக் கார்டு இன்று கோர்ட்டுக்குப் போனால் மேனேஜர் உள்ளே. போகாவிட்டால், மாலையே அவன் மாலையோடு வெளியே!

"என்னடி, விடியக் காத்தால ஆர் போனில?"

கொட்டாவி விட்டபடி வந்தாள் நிசாந்தினி. அதே குடோனில் ஆபீஸ் வேலை. யாழ்ப்பாணத்துக்காரி. அபிதாவின் மனுரேவா வீட்டுக் கதவை யாரோ உடைத்துப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்து வைத்திருப்பவள்.

"அவர்தான் நிசா. கார்டு எங்கன்னு கேக்குறார்."

"ஐயோ, அப்ப சொல்லிப்போடன்! உன்ர மனுசன் கேட்டால்தான் சொல்லுவன் எண்டு நீதானே நேற்று எங்களுக்குச் சொன்னனீ?"

சொன்னாள்தான். ராத்திரிச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள். 'போலீசுக்குச் சொல்லிட்டேன், காலைல கோர்ட்டுல கையில குடுப்பேன். அதுவரைக்கும் கார்டு எங்க இருக்குன்னு என் புருஷனைத் தவிர சாமியே கேட்டாலும் சொல்ல மாட்டேன்!' அப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி நிசாந்தினி. இன்னொருவர் செல்வராஜ். குடோனில் வேன் ஓட்டுகிற மதுரைக்காரர். இன்று அபிதாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகப்போகிறவர்.

"முகம் கழுவிட்டு வரேன்டி. தலை சுத்துது."

அபிதா பாத்ரூமுக்குள் போனாள். தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வர அவளுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

வந்ததும் வராததுமாக...

ட்ரிங்... ட்ரிங்...

இந்த முறை மொபைல் இல்லை. ஹாலில் தூசி படிந்து கிடந்த வீட்டு போன்!

நிசாந்தினி புருவத்தை நெரித்தாள். "இதில ஒருத்தரும் எடுக்கிறேல்லையே..."

அபிதா பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ! அபி! கேக்குதா? சத்தமா பேசு!"

அதே குரல். அச்சு அசல் ராம்பிரசாத்!

டமார்! டமார்!

"ஐயோ! என்னங்க அது... துப்பாக்கியா?"

"வாணவேடிக்கைம்மா! இன்னைக்கு இங்க தேசிய தினம்! இங்க இன்னும் பதினஞ்சாம் தேதி ராத்திரிதானே!"

"ஆகஸ்ட் பதினஞ்சு நம்ம சுதந்திர தினமாச்சே?"

"இவங்களுக்கும் அதே நாள்தான்! பகல்ல அரண்மனைத் தோட்டத்துல ராஜாவே ஊரைக் கூப்பிட்டு பீர் ஊத்துனாரு. நானும் போனேன். சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான் அபி!"

பின்னணியில் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. அபிதா காதைக் கூர்மையாக்கினாள். அந்த மெட்டு... இங்கிலாந்து ராஜாவை ஆண்டவன் காப்பாற்ற வேண்டும் என்று இங்கே நியூசிலாந்திலும் நிற்க வைத்துப் பாடுவார்களே, அதே மெட்டு!

"என்ன பாட்டுங்க அது?"

"இவங்க தேசிய கீதம்!"

"இங்கிலாந்துப் பாட்டு அங்க எப்படி தேசிய கீதமாகும்?"

"வார்த்தை வேற, மெட்டு அதேதான்! யாரைக் கேட்டாலும் சிரிக்கிறாங்க. நான் என்னடி பண்ணட்டும்?"

நிசாந்தினி ரிசீவரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று ரிசீவரைப் பொத்தினாள்.

"பச்சைப் பொய்! ராசா பியர் ஊத்திறாராம், இங்கிலாந்துப் பாட்டாம்! உனக்குக் காதில பூ சுத்திறான். இது உன்ர மனுசன் இல்லை!"

அந்த நேரம் பார்த்து மொபைல் அலறியது.

ராம்!

இடது காதில் ஒரு புருஷன். வலது காதில் ஒரு புருஷன். அபிதா நடுவில் நின்று விழித்தாள்!

"அபி, யோசிச்சியா?" என்றது மொபைல்.

"அபி, அங்க யாரு என்னை மாதிரியே பேசுறது?" என்றது வீட்டு போன்.

"அது மெஷின்! என் குரலைத் திருடி எவனோ பேசறான்!" என்றது மொபைல்.

"அடப்பாவி! என் குரல்லயே என் பொண்டாட்டிகிட்ட பேசுறியா? நேர்ல வாடா, பல்லை உடைச்சுக் கையில குடுக்குறேன்!"

ராம்பிரசாத்துக்குப் பல்தான் பிழைப்பு. பல்செட் செய்கிறவன். உலகம் மெல்லுகிற பொய்ப்பல்லில் ஏகப்பட்டது அந்தக் குட்டி நாட்டில்தான் பிறக்கிறது. புது மெஷின் பழகிவர ஆக்லாந்து லேப்காரர்கள் அனுப்பி வைத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் வீடியோவுல வாங்க!" என்றாள் அபிதா.

"ஏர்போர்ட்ல நெட் வரலை அபி," என்றது மொபைல்.

"முகத்தையும் செய்யிறாங்கள், அபி. அதையும் நம்பேலாது," என்றாள் நிசாந்தினி.

"சரி... கல்யாணமாகி நமக்குள்ள வந்த முதல் சண்டை எதுக்கு?"

"ரசம்!" வீட்டு போன் உடனே சொன்னது.

மொபைல் கொஞ்சம் தாமதித்தது. "ரசத்துல உப்பு இல்லன்னு சொன்னதுக்கு."

இரண்டும் சரி! நாசமாய்ப் போக! அந்தச் சண்டையை அபிதா வாட்ஸ்அப்பில் புருஷனோடு எத்தனை தடவை கிளறியிருப்பாள்! சிநேகிதிகள், அக்கா, நாத்தனார் வரை யாரிடம்தான் சொல்லவில்லை!

"நிசா! உன் போன்ல அந்த நாட்டைப் பத்தித் தேடு. ஏர்போர்ட்டு, பாட்டு, தேசிய தினம்... எல்லாம் போட்டிருப்பான். படிச்சுச் சொல்லு. எனக்குக் கை நடுங்குது."

நிசாந்தினி தட்டினாள். தேடினாள். அவள் கண் திரையில் மேலும் கீழும் ஓடியது.

"ம்... சின்ன மலைநாடு. சுவிசுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில. கடல் இல்லை. சுத்தி இருக்கிற நாடுகளுக்கும் கடல் இல்லை. ஆமி, பட்டாளம் ஒண்டும் இல்லையாம்..."

"ஏர்போர்ட்?"

ஒரு வினாடி.

"ஓம். இருக்கு. வாடுஸில பெரிய ஏர்போர்ட்."

"பாட்டு?"

"அது வேற மெட்டு. தேசிய தினம் யூலை மாசம். பாத்தியே? வீட்டு போனில கதைக்கிறவன்தான் கள்ளன்!"

அபிதாவின் கண்ணில் நீர் முட்டியது. ரிசீவரை வாயருகே கொண்டுபோனாள்.

"யாருடா நீ? இன்னொரு தடவை என் புருஷன் குரல்ல பேசின, செருப்பால அடிப்பேன்! வைடா போனை!"

"அபி! ஏய் அபி..."

டக்!

பிறகு மொபைலைக் காதில் ஒட்டிக்கொண்டாள். குரல் உடைந்தது.

"என்னங்க... கார்டு மனுரேவா வீட்டுலதான். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி, சுவத்துல டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். சாப்பிட்டியா, பயப்படாதே... ஒரு வார்த்தை கிடையாது. லைன் கட்!

நிசாந்தினி பெருமூச்சு விட்டாள். "இப்பதான் எனக்கு நிம்மதி. இரு, தேத்தண்ணி போடுறன்."

அபிதா தேநீரைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை. எழுந்தாள். உட்கார்ந்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். மூடினாள். மழை ஓய்வேனா என்றது. மனசும்தான்.

பாம்... பாம்!

வாசலில் வேன் ஹாரன்.

"செல்வராஜ் அண்ணா வந்துட்டார்! கிளம்புறேன்டி!"

"திறக்காதை!" நிசாந்தினி ஓடிவந்து கதவை மறித்தாள். "உனக்கென்ன விசரே? நேற்று நீ சொல்லேக்க கேட்டது நானும் அவரும்தான். நான் இல்லை எண்டால் ஆர்? அவர்தான் காட்டிக்குடுத்தவர்! வேனில ஏறினால் நீ கோர்ட்டுக்குப் போய்ச் சேர மாட்டாய்!"

"அபிதா! தங்கச்சி! கதவைத் தொற!" செல்வராஜ் வெளியே இருந்து தட்டினார்.

தட்டல் இடியாக மாறியது.

"பாத்தியே? உடைக்கப் பாக்கிறார்!"

அப்போது நிசாந்தினியின் போன் அதிர்ந்தது. எடுத்தாள். எதிர்முனையில் எவனோ கத்தியது அபிதாவுக்கே கேட்டது. "போலீஸ்! வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல! வீடு பூரா போலீஸ்!"

நிசாந்தினியின் முகம் வெளுத்தது. மெல்லத் திரும்பினாள்.

"நீ... தெரிஞ்சுகொண்டே..."

"ஆமா."

அடுத்த கணம் நிசாந்தினியின் கையில் காய்கறிக் கத்தி!

"கார்டு எங்கயடி? சொல்லு! இல்லாட்டி குத்திப்போடுவன்!"

அபிதா பின்வாங்கினாள். முதுகு சமையல் மேடையில் இடித்தது. கை பின்னால் துழாவியது. ஒரு டின் தட்டுப்பட்டது. மூடியைத் திருகினாள்.

"இந்தா, இதுலதான் இருக்கு. எடுத்துக்கோ!"

வீசினாள்!

யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள். நிசாந்தினியின் அம்மா பார்சலில் அனுப்பிய அசல் சரக்கு! நிசாந்தினி அலறினாள். கத்தி எங்கேயோ போய் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அபிதா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். செல்வராஜ் உள்ளே பாய்ந்தார். அவருக்குப் பின்னால் மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள்.

"வழில என்னை நிறுத்தி, இவங்களும் ஏறிக்கிட்டாங்கம்மா!" என்றார் செல்வராஜ், இன்னொரு தும்மலுக்கு நடுவில். "நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம ஆடிப்போயிட்டேன்!"

"நீங்க ஒண்ணும் பண்ணலை அண்ணா. ஆனா அது எனக்கு இப்பத்தான் தெரியும்."

டின்னைக் கவிழ்த்தாள். அடித்தூளோடு பாலிதீனில் சுற்றிய குட்டிக் கார்டு விழுந்தது. எடுத்துப் போலீஸ்காரி கையில் வைத்தாள். நேற்றுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அதற்குள் புதைத்திருந்தாள்.

நிசாந்தினி செருமினாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. "எப்பிடி... எப்பிடியடி கண்டுபிடிச்சனீ?"

"நம்பரையும் குரலையும் திருடினாலும், எந்தப் புருஷன் பொய்னு எனக்கு முதல் போன்லயே தெரியும்டி! வாடுஸ்ல ஏர்போர்ட்டே கிடையாது. ஜூரிச்ல இறங்கி, ரயிலு, பஸ்ஸுன்னு பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சதை அந்த மனுஷன் எத்தனை நாள் புலம்பினாரு! பாத்ரூம்ல இருந்து போலீசுக்கும் அவருக்கும் மெசேஜ் போட்டேன். உன் வீட்டு போன் நம்பரைக் குடுத்து அவரைப் பேசச் சொன்னதே நான்தான். எனக்குத் தெரியாதது ஒண்ணுதான். காட்டிக்குடுத்தது நீயா, அண்ணாவா?"

"அதுக்கு..."

"அதுக்குத்தான் உன்னைப் படிக்கச் சொன்னேன். நீ உண்மையைப் படிச்சிருந்தா இந்நேரம் உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு இருப்பேன். இல்லாத ஏர்போர்ட்டைக் கட்டிட்டியேடி பாவி!"

நிசாந்தினி விம்மினாள். "மேனேஜர் உள்ள போயிட்டால் நான் என்ன செய்வன்? என்னைக் கட்டுறன் எண்டு சொன்னவர். அவர் எனக்கு வேணுமடி..."

"தவராசா அண்ணனும் அவர் பொண்டாட்டி குணவதி அக்காவுக்கு வேணும்தான்," என்றாள் அபிதா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். மிளகாய்த்தூள் மட்டும் காரணமில்லை.

போலீஸ்காரி விலங்கு மாட்டினாள். வாசலைத் தாண்டும்போது நிசாந்தினி நின்றாள்.

"என்னை எங்க கொண்டுபோய் வைக்கப் போறாங்கள், அபி?"

அபிதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ அந்த நாட்டைப் பத்தி முழுசாப் படிக்கலையே! அங்க ஜெயில் ரொம்பச் சின்னதாம். பெரிய கேஸை எல்லாம் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். நீ கவலைப்படாதே நிசா... நம்ம ஆக்லாந்துல இடம் தாராளம்!"