பழுதில்லை என்று எழுதியவள்

மானாம்பதி ரோட்டோரத்து ரைஸ் மில்லில் ஆபீஸ் வேலை பார்த்துவந்த இளவரசி, அன்று காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். 2008, ஐப்பசி மாதம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அறைக்குள் ஈரத் தவிட்டின் புளித்த வாசனை.

முதலாளி மோகன்குமார் சீனாவிலிருந்து அரிசி பாலிஷ் மெஷின் வாங்கப் போகிறார். அந்தத் தொழிற்சாலையை யாராவது பார்த்து எழுதித் தந்தால்தான் கடன் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு தூரம் யார் போவது? இங்கிலீஷ் தெரிந்த இளவரசி வீடியோவில் பார்த்து எழுதட்டும் என்று முடிவானது.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில் லின் தெரிந்தான். மோகன்குமார் இளவரசியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நீண்ட கொட்டகைக்குள் நடந்தான். விளக்குகள் பாதி எரியவில்லை.

“இதுதான் உங்களுக்கு அனுப்பப்போகும் மெஷின்” என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான்.

பச்சை மெஷின். அதன் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். இடுப்புவரை கூந்தல்.

பெல்ட் ஓடத் தொடங்கியது.

அவள் குனிந்தாள். கூந்தலின் நுனி பெல்ட்டில் சிக்கியது. ஒரே இழுப்பில் தலை இரும்பில் மோதியது. அடுத்த இழுப்பில் உச்சந்தலைத் தோல் கூந்தலோடு பிய்ந்து போனது.

சத்தமே இல்லை.

“நிறுத்துங்க! அவளைப் பிடிங்க!” என்று இளவரசி இங்கிலீஷில் அலறினாள்.

லின் திரும்பிப் பார்த்தான். “யாரை மேடம்? இன்று விடுமுறை. மெஷினுக்குக் கரண்டே கொடுக்கவில்லை.”

அவன் தோளுக்குப் பின்னால் அவள் மெல்ல நிமிர்ந்தாள். முகமெல்லாம் ரத்தம். நேராக இளவரசியைப் பார்த்தாள். கை நீட்டினாள்.

படம் அணைந்தது.

“நீங்களும் பாத்தீங்க இல்ல சார்?”

மோகன்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நெட்டு சரியில்லம்மா. இன்னாத்தையோ காட்டுது. பழுதில்லன்னு எழுதிக் குடு.”

“எப்படி சார்? அந்தப் பொண்ணு...”

“மெஷின் வரலன்னா மில்ல மூட வேண்டியதுதான். அப்புறம் உனுக்கு வேல கீதா, மத்தவனுக்குத்தான் கீதா?”

எழுதினாள். ‘தொழிற்சாலையைப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

தை மாதம் மெஷின் வந்தது. ஃபிட்டர் சக்திவேல் பொருத்தி முடித்தான். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மெஷினுக்குக் குங்குமம் வைக்க மோகன்குமார் கை நீட்டினார்.

சுவிட்சை யாரும் தொடவில்லை.

பெல்ட் ஓடியது.

மணிக்கட்டு போனது. முழங்கை முறிந்த சத்தம் கரும்பு ஒடிவதுபோல் கேட்டது. அவர் போட்ட கூச்சலில் கொட்டகை மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

“மெயின ஆஃப் பண்ணு!” என்று இளவரசி கத்தினாள்.

“ஃபியூஸ் கட்ட என் கையில கீதும்மா! கரண்டே இல்ல!”

சக்திவேல் மூலையில் கிடந்த அரிவாளை எடுத்து வெட்டினான். இரண்டு வெட்டில் பெல்ட் அறுந்தது. அதற்குள் கை தோள்வரை உள்ளே போய்விட்டிருந்தது. அறுந்த பெல்ட்டில் முழம் முழமாகக் கறுத்த மயிர் சுற்றியிருந்தது. அதில் ரத்தம் காயவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மோகன்குமார் இறந்துபோனார்.

போலீஸ் ஸ்டேஷனில் இளவரசி எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை அவள் முன் தள்ளினார்.

“பழுதில்லன்னு எழுதி இருக்கியே, இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே நல்ல வெயில். உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி, ஆளில்லாத இருவர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் ஓரடி பின்வாங்கினார்.

“இன்னாம்மா நீ? கூட வந்த பொண்ணு தலையெல்லாம் ரத்தமா கீது. ஆசுபத்திரிக்கு இட்டுகினு போவாம, பஸ்ல குந்த வச்சிக்கினு வர்றியே?”

இளவரசி திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தோளில் ஏதோ ஈரமாக, கனமாகச் சாய்ந்தது.