புது ஃப்ரிட்ஜில் ஒரு குப்பி

காலை 6.10.

வழக்கமாக வரும் டிகாக்‌ஷன் வாசனை வராததால்தான் சாய்நாத் எழுந்து சமையலறைக்குப் போனான். புது ஃப்ரிட்ஜுக்கு முன்னால் அவன் மனைவி ஹம்சினி விழுந்து கிடந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக இரைத்தது. வாயிலிருந்து அழுகிய பழ வாசனை. மூன்று முறை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தனபாலன் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சர்க்கரை ஐந்நூறைத் தாண்டிடுச்சு. இன்சுலினை எப்ப நிறுத்தினாங்க?"

"நிறுத்தலை சார். தினமும் ரெண்டு வேளை அவளே போட்டுக்கறா. நான் பார்த்துண்டுதானே இருக்கேன்."

"மருந்தை எடுத்துட்டு வாங்க."

சாய்நாத் ஆட்டோவில் போய்க் குப்பியோடு திரும்பினான். அதற்குள் ஹம்சினியின் தம்பி அனிருத் மயிலாப்பூரிலிருந்து வந்திருந்தான். டாக்டர் குப்பியைக் குலுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்தது போல வெள்ளைத் திப்பிகள். மறுபடி குலுக்கியும் அவை கரையவில்லை.

"இது உறைஞ்சு போன மருந்து. அதுக்கப்புறம் எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது. யாரோ ஃப்ரீசர்ல வெச்சிருக்காங்க."

அனிருத் அக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆத்துல நீங்க ரெண்டு பேர்தானே அத்திம்பேர்?"

பதினோரு மணிக்கு அனிருத் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தான். அடையாறில் போன மாதம் வாங்கிய ஃபிளாட் அக்காவின் பெயரில் இருக்கிறது. அக்காவுக்கு ஏதாவது ஆனால் அது யாருக்குப் போகும் என்று கேட்டான். புகாரை வாங்கிக்கொண்ட சப்-இன்ஸ்பெக்டர் எஸ்தர் அதைப் படித்து முடித்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மதியம் ஹம்சினிக்கு நினைவு வந்தது. முதலில் உள்ளே போனது அனிருத். அவன் வெளியே வந்த சற்று நேரத்தில் நர்ஸ் வந்தாள்.

"சார், அவங்க உங்களைப் பார்க்க வேண்டாம்னு சொல்றாங்க."

சாய்நாத் பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே எஸ்தர் வந்து நின்றாள்.

"வீட்டைப் பார்க்கணும். வாங்க."

சமையலறையில் இன்னும் பெயின்ட் வாசனை. ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் பாலிதீன் உறை அப்படியே இருந்தது. எஸ்தர் கதவைத் திறந்தாள். தயிர், தக்காளி, ஒரு கட்டு கொத்தமல்லி. எல்லாம் பதமாக இருந்தன. மேலே ஃப்ரீசரின் சின்னக் கதவில் கம்பெனி ஒட்டிய நீல நாடா, ஓரம்கூடச் சுருங்காமல் இருந்தது. அவள் அதை நகத்தால் லேசாக நெம்பினாள். பெயின்ட்டும் சேர்ந்து உரிகிற அளவுக்குப் பிடித்திருந்தது.

"இந்த மே மாச வெயில்ல ஐஸ் போடலையா?"

"அவ திறக்கவே விடலை மேடம். பழைய ஃப்ரிட்ஜ் பண்ணின கூத்துல பயந்துட்டா. இங்கே குடிவந்த மறுவாரமே அது கெட்டுப் போச்சு. வெச்சதெல்லாம் கல்லு மாதிரி ஆயிடும். பால் பாக்கெட்டை உடைச்சுத்தான் எடுக்கணும். மெக்கானிக் பார்த்துட்டு இதைச் சரி பண்றது வீண்னுட்டார்."

"பழசு எப்ப போச்சு?"

"செவ்வாய்க்கிழமை. புதுசைக் கொண்டு வந்தவாளே எடுத்துண்டு போயிட்டா."

"இந்த மருந்து?"

"வியாழக்கிழமை வாங்கினது. பழைய ஃப்ரிட்ஜில இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிண்டு வரச் சொன்னா ஹம்சினி. எனக்கு ஆபீஸ். அனிருத்தான் வாங்கிண்டு வந்து வெச்சான்."

எஸ்தர் ஃப்ரிட்ஜை மூடினாள்.

மாலை 4.30. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அனிருத் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை மருந்து வாங்கினது நீங்கதானே?"

"ஆமா மேடம். மாம்பலத்துல. எங்காத்துப் பக்கம் ஸ்டாக் இல்லை."

"பழசை என்ன பண்ணீங்க?"

"தெருமுனைத் தொட்டியில போட்டேன்."

"இல்லை. அது இன்னிக்குக் காலைல வரைக்கும் ஃப்ரிட்ஜுக்குள்ளதான் இருந்துச்சு." எஸ்தர் குரலை உயர்த்தவில்லை. "டாக்டர் ஃப்ரீசர்னு சொன்னதும் எல்லாரும் புது ஃப்ரிட்ஜை நினைச்சுட்டாங்க. அந்த ஃப்ரீசரை இதுவரைக்கும் யாருமே திறக்கலை. கம்பெனி நாடா ஒட்டினபடி இருக்கு. கீழே வெச்ச தக்காளிகூட உறையலை. அப்ப அந்தக் குப்பி பழைய ஃப்ரிட்ஜில உறைஞ்சது. பழசு செவ்வாய்க்கிழமையே போயிடுச்சு. வியாழக்கிழமை வாங்கின மருந்து அதுல எப்படி உறையும்? பழசும் புதுசும் இருந்தது உங்க கையிலதான். புதுசு எங்கே?"

அனிருத் சுவரில் சாய்ந்தான். சாய்நாத் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான்.

"பனகல் பார்க் கிட்ட வண்டி சறுக்கிடுத்து மேடம். பையில இருந்த புதுக் குப்பி ரெண்டும் நொறுங்கிப் போச்சு." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அக்கா ஏற்கெனவே அழுதுண்டிருந்தா. இந்த ஆத்துக்கு வந்ததுலேர்ந்து எதைத் தொட்டாலும் உடையறதுன்னு. இதுவும் உடைஞ்சதுன்னு சொல்ல வாய் வரலை. பழசு இளகி, பார்க்க நன்னாத்தான் இருந்தது. ரெண்டு நாள்ல வேற வாங்கி மாத்திடலாம்னு..."

"மாத்தினீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"குப்பி உடைஞ்சது யாருக்கும் நடக்கும். உறைஞ்ச மருந்தைத் திருப்பி வெச்சது முட்டாள்தனம். ஆனா இன்னிக்குக் காலைல டாக்டர் பேசறப்பவே உங்களுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. புரிஞ்சும் ஸ்டேஷனுக்கு வந்து இவர் பேரைச் சொன்னீங்க பாருங்க, அதுதான் குத்தம்."

"பயந்துட்டேன்."

"பொய்ப் புகாருக்கு என்ன செய்யணுமோ அதை நான் செய்யறேன். அதுக்கு முன்னாடி உள்ளே போய் உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க."

அனிருத் போனான். கதவு பாதி திறந்தே இருந்தது. அவன் பேசுவது தெளிவாகக் கேட்கவில்லை; நடுவில் இரண்டு முறை நிறுத்தி மறுபடி தொடர்ந்தான். சாய்நாத் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

ஹம்சினியின் குரல் கேட்டது. வறண்டு, மெலிந்திருந்தது.

"நீ ஆத்துக்குப் போ. அவரை வரச் சொல்லு."

சாய்நாத் நடந்தான். வாசல் வரைக்கும் போய், உள்ளே காலெடுத்து வைக்கத் தயங்கி நின்றான்.

"நான் கேட்டிருக்கணும்," என்றாள் ஹம்சினி. "உங்களைக் கேட்காமலே அவன் சொன்னதை நம்பிட்டேன்."

அவன் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எஸ்தர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.