பெயர்ப்பலகை இல்லாத பாலம்

காலையில் அழித்த பெயர் சாயங்காலம் மறுபடியும் வரைபடத்தில் நின்றது. அன்புச்செல்வி பாலம். யார் போட்டார்கள் என்று பார்த்தால், திருத்தியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சிந்துஜா மறுபடியும் அழித்தாள்.

ஊர்க்காரர்களே சேர்ந்து வரையும் வரைபடம் அது. தெருவோ குளமோ பாலமோ, அங்கே பெயர்ப்பலகை இருந்தால்தான் அது பெயர். வாய்வழிப் பெயரெல்லாம் செல்லாது என்பது குழுவின் விதி. திருவண்ணாமலைப் பக்கம் அந்த விதியைக் காப்பவள் சிந்துஜா. நல்ல விதிதான். ஆனால் இந்தப் பெயரை அவள் அழித்ததற்கு விதியா காரணம்? அட, யாரை ஏமாற்ற!

போன ஐப்பசியில் வேங்கிக்கால் ஓடைமேல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோள் படத்தில், கான்கிரீட் ஊற்றுவதற்காக அடித்திருந்த சென்ட்ரிங் பலகைகள் முழுப் பாலம்போலத் தெரிந்தன. நேரில் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, வண்டி போகும் சாலை என்று கோடு இழுத்துவிட்டாள் சிந்துஜா. அந்த வாரமே மழையில், ஃபோன் காட்டிய வழியை நம்பி ஸ்கூட்டரில் வந்த அன்புச்செல்வி பலகையோடு ஓடைக்குள் விழுந்து செத்துப்போனாள். ஊர் அந்தப் பாலத்துக்கு அவள் பெயரையே சொல்ல ஆரம்பித்தது. சிந்துஜா வரைபடத்தில் புனைபெயரில் இருந்ததால், கோடு இழுத்தது யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அன்புச்செல்வியின் அம்மா சந்திரம்மாளுக்கும் தெரியாது. அவள் வீட்டு மாடியில்தான் சிந்துஜா வாடகைக்கு இருந்தாள்.

பெயர் திரும்பி வந்த அந்தச் சாயங்காலம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் சந்திரம்மாள் கிண்ணத்தில் குழம்போடு மேலே வந்தாள்.

"ஏம்மா சிந்து, எம்பொண்ணு பேரு மேப்புல வருதாமே. கொஞ்சம் காட்டேன், பாத்துக்கிறேன்."

சிந்துஜா லேப்டாப்பை மூடினாள். "போர்டு இல்லாத பேரைப் போடக்கூடாதுங்கம்மா. எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தாங்க?"

"தெரியலைங்க."

"போர்டு வச்சா போடுவாங்களா?"

"போடுவாங்க."

"சரி வுடு. நீ சாப்பிடு. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சந்திரம்மாள் இறங்கிப் போனாள். சிந்துஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். பாலத்தின்மேல் பெயர் இல்லை. ஓடைக்கரைச் சாலைமேல் இருந்தது. அழித்தாள். அடுத்த தெருவில் வந்தது. அழித்தாள். இவர்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

கரண்ட் போனது. ஓடாத ஸ்கூட்டர் ஒன்றை யாரோ தள்ளிக்கொண்டு வருவதுபோல, வளைந்த சக்கரம் எதிலோ உரசி உரசித் தெரு நெடுகச் சத்தம் வந்து கேட்டருகே நின்றது. ஓடைச் சேற்றின் நாற்றமும் ஈரச் சிமெண்ட் வாடையும் ஜன்னல் இடுக்கில் ஏறி வந்து, குழம்பின் பூண்டு மணத்தை அமுக்கிக்கொண்டு அறை முழுக்க நின்றன. கேட் திறந்தது. படியில் காலடி. ஈரக் காலடி. மெதுவாக.

கதவுக்கு வெளியே நின்றது. கதவில் விரல் தேய்க்கும் சத்தம். நிதானமாக, எழுத்துக் கூட்டி எழுதுவதுபோல. பிறகு ஒன்றுமில்லை.

நெடுநேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ஃபோன் வெளிச்சத்தில் கதவைப் பார்த்தாள். சேற்றால் பெரிதாக எழுதியிருந்தது. அன்புச்செல்வி. வேறெதுவும் இல்லை. கையைப் பார்த்தாள். தன் ஆள்காட்டி விரல். நகக்கண் வரை சேறு.

"மேல யாரு?" கீழே சந்திரம்மாளின் குரல் நடுங்கியது. "செல்வியா? செல்விதானாடி?"

சொல்லிவிட வேண்டும். இப்போதே. நான் சிந்துஜாம்மா, கோடு இழுத்தது நான்தான், உங்க பொண்ணைக் கொன்னது நான்தான். வாயைத் திறந்தாள்.

வாயிலிருந்து ஓடைத் தண்ணீர் மோவாயில் வழிந்தது.

"வந்துட்டேம்மா" என்றது வாய், அவளுடையதல்லாத குரலில்.

சந்திரம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், இருட்டில் படியேறி ஓடி வந்தாள்.