ஒப்படைத்த நெருப்பு

அட்ராக்டா டர்க்கனின் சமையலறையில் அன்று சாயங்காலம் கடல் வாடை அடித்தது. கடலோ அங்கிருந்து அரைநாள் நடை. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் வழக்கம்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. அதன் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் மட்டும் கை வைக்க முடியாதபடி சில்லிட்டிருந்தது.

யார் வீட்டுத் திரைச்சீலை அழுக்கு, யார் பூசைக்குத் தாமதம் என்றெல்லாம் எங்கள் ஊருக்கே கணக்குச் சொல்பவள் அட்ராக்டா. அவளிடமும் ஒரு அழுக்கு இருந்தது.

பஞ்ச காலத்தில் எதிர்வயல் காஃபர்கி குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, தங்கள் அடுப்புக் கங்குகளை அள்ளிவந்து டர்க்கன் வீட்டு அடுப்பில் சேர்த்துவிட்டுப் போனது. திரும்பி வரும்வரை அணையாமல் காப்பது அண்டை வீட்டார் கடமை. டர்க்கன்கள் தலைமுறை தலைமுறையாக இரவில் சாம்பல் மூடியும் காலையில் ஊதியும் காத்தார்கள். அட்ராக்டா எண்ணெய் பாய்லர் வாங்கினாள், நெருப்பை அணைத்தாள், வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து லொரெட்டா காஃபர்கி வந்து நின்றாள். கோயில் ஏடு, கப்பல் ஏடு என்று வருஷக்கணக்கில் பூர்வீகத்தைத் துருவியவள்.

"ஏழு பேரு கப்பல் ஏறியிருக்காங்க அக்கா. கரை இறங்குனது ஒரே ஒரு பையன், எங்க பூட்டனுக்கு அப்பன். மத்தவங்க எல்லாம் காய்ச்சல்ல போயி, கடல்லயே போட்டுட்டாங்க." பிறகு தயங்கி, "அந்த நெருப்பு இன்னும் இருக்கா?"

"இல்லாம எங்க போவும்? டர்க்கன்னா சும்மாவா?" என்றாள் அட்ராக்டா.

விருந்தாளியைத் தேநீரோடு முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, கடையில் வாங்கிய, மண்ணெண்ணெய் நாறும் பற்றவைப்புக் கட்டியைச் சமையலறை அடுப்பில் கொளுத்தினாள். அதன்மேல், இங்கே விறகுக்குப் பதில் எரிக்கும் உலர்ந்த சதுப்பு மண்கட்டி நாலைப் போட்டுக் கனியவிட்டு, கங்குகளை வாளியில் கொடுத்தாள். லொரெட்டா அதைக் கைக்குழந்தைபோல ஏந்தி, கூரையில்லாத காஃபர்கி வீட்டுக்கு வயல் தாண்டிப் போனாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன் அக்கா. உங்க நெருப்பு காத்திருக்கு, வந்து குளிர் காயுங்கன்னு."

"நல்ல காரியம் பண்ணே," என்றாள் அட்ராக்டா, கூசாமல். மறுநாளே லொரெட்டா விமானம் ஏறிவிட்டாள்.

இப்போது தொலைபேசி அடித்தது. வயலுக்கு அந்தப் பக்கத்து மலாக்கி.

"அமெரிக்காக்காரி இன்னும் கிளம்பலையா? காஃபர்கி இடிசல்ல ஆளுங்க நிக்கிறாங்களே."

"காலையில குடிச்சது இன்னும் இறங்கலையா உனக்கு?"

"சத்தியமா அட்ராக்டா. அடுப்பைச் சுத்திக் குனிஞ்சு நிக்கிறாங்க. மோந்து பாக்குற மாதிரி." அவன் குரல் இறங்கியது. "இப்ப உன் வீட்டுப் பக்கம் திரும்பிட்டாங்க."

அவள் ரிசீவரை வைத்தாள். மழை ஓய்ந்திருந்த வயலிலிருந்து, நனைந்த கம்பளித் துணி முழங்காலில் அடித்துக்கொள்வதைப் போன்ற சத்தம், ஒன்றாய், இரண்டாய், பலவாய், அவசரமே இல்லாமல், எப்போதும் வந்து பழகியவர்கள் வரும் வழியாகவே பின்வாசலை நோக்கி வந்தது. பாய்லர் ஒரு முறை இருமி நின்றது. தாழ்ப்பாள் தானாக உயர்ந்தது.

அட்ராக்டா பற்றவைப்புக் கட்டியை அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள்.

"வாங்க," என்றாள். "இதான் உங்க நெருப்பு. அன்னிக்கு வச்சது வச்சபடி இருக்கு."

அவள் தோளுக்கு மேலாக யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சுடர் நீலமானது. சுருங்கியது. போனது.

அப்புறம் நாற்காலி இழுபடும் ஓசை. தரையில் தண்ணீர். உப்பு நாற்றம். அவள் அடுப்படியிலேயே குந்தியிருந்தாள்.

ஆறு பேர். கடைசியில் ஒரு குழந்தை. செத்த அடுப்பின் முன் உட்கார்ந்து, வெளுத்து ஊறிய உள்ளங்கைகளை நீட்டினார்கள். காத்திருந்தார்கள். எதுவும் சுடவில்லை.

அந்த வீட்டில் அப்போது சூடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

நீட்டிய கைகள் நீட்டியபடியே திரும்பின. நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, அவளை நடுவில் விட்டு, குளிர் காய்கிறவர்களின் வட்டமாக.